கப்பலும் வளவுத் தூணும்

வணக்கம். தேவகோட்டைப் பக்கம், பங்காளிகளோடு பொதுவான பழைய வீட்டில் குடியிருக்கிறோம். இரண்டு குழந்தைகளுக்கும் ஓராண்டாக வீட்டிலேயே பாடம். மகனுக்குப் பத்து வயது. கப்பலைத் தவிர வேறு எதிலும் மனம் போவதில்லை. மகளுக்கு ஏழு; எந்நேரமும் கோலம்தான். ‘குழந்தையின் ஆர்வத்தின் பின்னால் போங்கள்’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கோ கப்பலில் துளியும் ஈடுபாடு இல்லை. இருப்பதுபோல் நடித்தால் அவன் கண்டுபிடித்துவிடுகிறான். எனக்குப் பிடித்தது இந்த வீடு. இதன் மரமும் தரையும் எங்கிருந்து வந்தன என்று தேடிக்கொண்டே இருப்பேன். கணவருக்குக் கடையும் கணக்கும். அவருடைய அப்பத்தா, ‘பள்ளிக்கூடம் போகாத பிள்ளை எப்படிப் பரீட்சை எழுதும்?’ என்று தினமும் கேட்கிறார். என் விருப்பத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கப்பலைப் படிக்கத்தான் வேண்டுமா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஒதுக்கிவைக்க வேண்டாம். பெரியவர் ஒருவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள உண்மையாகவே தவிப்பதைக் கூடவே இருந்து பார்க்கும் வாய்ப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் அமைவதில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு அது தினமும் கிடைக்கிறது. குழந்தையின் ஆர்வத்தை மட்டும் பின்தொடரச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. சில மாதங்களில் தாய் களைத்துப்போவாள். பிள்ளைக்கும் தனியாகப் படிக்கும் சலிப்பு வந்துவிடும். உங்கள் தேடலும் அவனுடைய கப்பலும் எங்கே சந்திக்கின்றன என்று பாருங்கள். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

உங்கள் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், பர்மாத் தேக்குத் தூண்கள் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த மரம் இங்கே வந்து சேர்ந்த கதை உங்கள் மகனுக்காகவே நடந்ததுபோல இருக்கும். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கிவிடும். அதனால் பர்மாக் காடுகளில் மரத்தை உடனே வெட்டமாட்டார்கள். அடிமரத்தில் பட்டையைச் சுற்றிலும் வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிடுவார்கள். காய்ந்து எடை குறைந்த பிறகு வெட்டி, யானைகளை வைத்து ஆற்றங்கரைக்கு இழுத்துவந்து, தெப்பமாகக் கட்டி மிதக்கவிடுவார்கள். ஐராவதி ஆற்றின் வழியே ரங்கூனுக்கு வந்த மரம் அங்கிருந்து கப்பலேறி வங்கக் கடலைக் கடந்தது. ஏன் பச்சை மரம் மூழ்குகிறது, காய்ந்தது மிதக்கிறது? இரும்பு மூழ்கும்போது இரும்புக் கப்பல் எப்படி மிதக்கிறது? இரண்டுக்கும் விடை ஒன்றேதான்: அதே கன அளவுள்ள தண்ணீரைவிட எடை குறைந்தது மிதக்கும். உப்புநீரில் முட்டையை மிதக்கவிட்டுக் காட்டினால், ஆற்றுத் துறைமுகமான ரங்கூனில் சரக்கேற்றிய கப்பல் கடலுக்குள் வந்ததும் ஏன் சற்று உயர்ந்து மிதக்கும் என்பதை அவனே சொல்லிவிடுவான்.

பிறகு தூணை அளக்கச் சொல்லுங்கள். நூலைச் சுற்றிச் சுற்றளவு எடுக்கட்டும். சுற்றளவு 90 செ.மீ., உயரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கன அளவு ஒரு கனமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. காய்ந்த தேக்கு ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 650 கிலோ இருக்கும். அப்படியானால் தூண் 125 கிலோ அளவில் வரும். வட்டத்தின் கணக்கு பத்து வயதுக்குச் சற்று மேற்பட்டதுதான். ஆனால் அந்தத் தூணின் எடை தெரிய வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் வயது ஒரு தடையே இல்லை. நீங்களும் அவனோடு நூல் பிடியுங்கள். உங்களுக்கும் அந்த எடை தெரியாது என்பது அவனுக்குத் தெரியட்டும்.

கணக்கை உங்கள் கணவரிடம் விட்டுவிடுங்கள். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு எவ்வளவு, மூன்றாண்டுக் கணக்கு முடிக்கும்போது எவ்வளவு என்று கடையில் உட்காரவைத்தே சொல்லித்தரலாம். பர்மாவில் செட்டியார்கள் நடத்திய வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையன்கள், அதாவது வேலை பழகவந்த சிறுவர்கள், அப்படித்தான் தொழில் கற்றார்கள். வீட்டில் பழைய பேரேடு ஏதாவது இருந்தால் எடுங்கள். 1957க்கு முந்தைய கணக்குகளில் ரூபாய், அணா, பைசா என்று இருக்கும். ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணா என்பது ரூபாயில் மாகாணி. அரைக்கால், கால், அரை, முக்கால் எல்லாம் அங்கே உண்மையான பணமாகப் புழங்குகின்றன. பின்னம் வராத பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த வீட்டைக் கட்டிய பணம் எப்படி வந்தது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயிகளுக்கு நம் ஊர்க்காரர்களான செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடனைத் திருப்ப முடியாமல் அவர்களின் நிலம் கைமாறியது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 1930இல் ஏறத்தாழ 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது இந்தியர்கள் பெருங்கூட்டமாகக் காடும் மலையும் கடந்து நடந்தே திரும்பினார்கள். 1948இல் பர்மா அரசு நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் இயற்றியது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் பக்கத்தையும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த நம்மவர் பக்கத்தையும் ஒரே மூச்சில் கேட்ட பிள்ளை உங்களிடம் கடினமான கேள்விகள் கேட்பான். பதில் தெரியாவிட்டாலும் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். இங்கேதான் அப்பத்தாவின் துணை வேண்டும். குடும்பத்தில் யார் கொண்டுவிற்க (கடல்கடந்து தொழில் செய்ய) போனார்கள், எந்த ஊரில் கடை, எப்போது திரும்பினார்கள் என்று மகன் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். தினமும் பரீட்சையைப் பற்றிக் கேட்பவர், தாமே பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார் என்று நம்புகிறேன்.

மகளை, தரைக்கல் செய்யும் ஊரான ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போங்கள். கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்டை ஊற்றுவதைப் பார்த்தாலே அவளுக்குப் போதும். அந்தக் கல்லைச் சுடுவதே இல்லை. தண்ணீரில் ஊறவைத்தே இறுகச் செய்கிறார்கள். மேலே தெரியும் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. ஒரு கல்லில் கால் பூ, நான்கு கல் சேர்ந்தால் முழுப் பூ. வீட்டுக்கு வந்ததும் கோலத்தை அப்படிப் பிரித்துப்போட்டுப் பார்ப்பாள். நீங்கள் தேடும் தரையின் கதையும் அதே பயணத்தில் கிடைத்துவிடும்.

வாய்ப்பாடும் வாசிப்புப் பயிற்சியும் நாள்தோறும் தனியாக நடக்கட்டும். அவற்றை வலிந்து கப்பலோடு முடிச்சுப்போட வேண்டாம். கப்பல் மோகம் தீர்ந்து அவன் வேறொன்றுக்குத் தாவினாலும் பதற வேண்டாம்; அப்போது மறுபடி சந்திக்கும் இடத்தைத் தேடிக்கொள்ளலாம்.

அப்பத்தாவின் கேள்விக்கு என் பதில் இது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளின் கல்வியைப் பேசுகிறது. வீட்டுக்கல்வியைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பதினான்கு வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குப் பதிவு செய்யலாம். அதற்கு உங்கள் மகனுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன.