காட்டுக்குப் போகின்றவருக்குக் கைத்துப்பாக்கி காவலாகுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்து சேர்ந்த கேள்விகளுள் ஏழு, ஏறத்தாழ ஒரே விடயத்தைப் பற்றியவை. காட்டு விலங்குகள் நடமாடும் இடத்துக்குப் போகின்றவர் தம் பாதுகாப்புக்காக ஒரு கைத்துப்பாக்கியை வைத்திருக்கலாமா, வைத்திருந்தால் அது உதவுமா என்பதே அந்த விடயம். வன்னிக் காடுகளில் நீண்டகாலம் களப்பணியில் இருந்தவன் என்ற முறையில், உயிரோடு சம்பந்தப்பட்ட இந்தக் கேள்விகளுக்கு என்னால் இயன்றவரை தெளிவாகப் பதிலளிக்கிறேன்.

ஒட்டுசுட்டான் பக்கத்தில் குத்தகைக்கு எடுத்த வயலுக்கு இரவுக் காவலுக்குப் போய்வருகிறேன். யானைத் தொல்லை அதிகம். ஒரு பிஸ்டலுக்கு அனுமதிப்பத்திரம் எடுக்க முடியுமா? (சுன்னாகம் வாசகர்)

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்பதை 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கெனக் கமக்காரருக்கு வழங்கப்படுவது வேட்டைத் துவக்குக்கான அனுமதி. அதற்கு மாவட்டச் செயலகத்தின் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பிஸ்டல், ரிவோல்வர் போன்றவை மனிதரால் உயிராபத்து உண்டு என்று காட்டக்கூடியவர்களுக்குத் தற்காப்பின் பொருட்டு பாதுகாப்பு அமைச்சினால் அனுமதிக்கப்படுபவை. அப்படி அனுமதி பெற்றிருந்தவர்களைக்கூட, மீளாய்வுக்காக அவற்றைத் தற்காலிகமாகக் கையளிக்கும்படி 2024 நவம்பரில் அமைச்சு கேட்டுக்கொண்டது. ஆகவே யானையைக் காரணங்காட்டிப் பிஸ்டல் பெறும் எண்ணத்தைத் தாங்கள் கைவிடுவதே நல்லது.

அனுமதி கிடைப்பதாகவே வைத்துக்கொண்டாலும், அந்தப் பிஸ்டலை நம்பி நீங்கள் வயலில் நிற்பதை நான் விரும்பமாட்டேன். சாதாரண 9 மில்லிமீற்றர் பிஸ்டலின் ரவை சுமார் 500 ஜூல் ஆற்றலுடன் புறப்படுகிறது. ஆபிரிக்காவில் யானை வேட்டைக்குக் குறைந்தபட்சமாகக் கருதப்படும் .375 ரக ரைபிளின் ரவையோ அதனைப்போலப் பத்து மடங்குக்கு மேற்பட்ட ஆற்றல் உடையது. வளர்ந்த கொம்பன் நாலாயிரம் கிலோவுக்கும் மேல் நிறையுள்ளது. அதன் நெற்றி எலும்பு உள்ளே தேன்வதைபோல் அறை அறையாக அமைந்து, மூளையை ஆழத்தில் மறைத்து வைத்திருக்கிறது. பிஸ்டல் ரவை அந்த எலும்புக்குள் அடங்கிவிடும். யானை விழாது, வலி மட்டும் ஏறும். அப்படிக் காயப்பட்டுச் சீழ் பிடித்த உடலோடு திரிகின்ற யானைதான், அடுத்த நாள் அவ்வழியே சைக்கிளில் வரும் எந்தக் குற்றமும் செய்யாத ஒருவரைத் துரத்துகிறது. இதை நான் களத்தில் கண்டிருக்கிறேன், இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. 2023 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 180 க்கு மேற்பட்ட மனிதரும் 480 க்கு மேற்பட்ட யானைகளும் உயிரிழந்தன என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஓடித் தப்பலாம் என்றும் எண்ண வேண்டாம். ஆசிய யானை மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர் வேகத்தில் வரக்கூடியது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். இருட்டில், வரம்பிலும் பற்றைக்குள்ளும் அந்த வேகத்தில் ஓட உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

பொழுதுபடுவதற்கு முன்னரே காவற்கொட்டிலுக்குப் போய்ச் சேருங்கள். விடிந்து நன்றாகக் கண் தெரியும்வரை இறங்க வேண்டாம். கொட்டில் உயரமான பரணாக இருப்பது மேல். அதற்குள் நெல்லும் உப்பும் வைக்காதீர்கள், ஏனெனில் அந்த வாசனைக்காகவே யானை வீடுகளை உடைக்கிறது. வனசீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் யானை வெடியைப் பயன்படுத்தும்போது, யானை காட்டுக்குத் திரும்பும் பக்கத்தைத் திறந்துவிட்டு, அயல் வயல்காரர் எல்லோரும் ஒரே பக்கத்தில் நின்று சத்தமிட வேண்டும். நாற்புறமும் வளைத்துக்கொண்டு வெடி போட்டால் அது எந்தப் பக்கம் பாயும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். யானையைப் பார்த்துக் குரைக்கும் நாய் பயந்து உங்கள் காலடிக்கே ஓடிவரும், யானையும் பின்னால் வரும். மது அருந்திவிட்டுக் காவலுக்குப் போகவே வேண்டாம்.

பாலைப்பழக் காலத்தில் நெடுங்கேணிக் காட்டுக்குப் போவோம். சென்ற ஆண்டு எங்களுள் ஒருவரைக் கரடி தாக்கியது. கரடிக்காவது ஒரு கைத்துப்பாக்கி பயன்படாதா? (வவுனியா வாசகர்)

பாலைப்பழம் நமக்கு எவ்வளவு இனிப்போ, அவ்வளவு கரடிக்கும் இனிப்பு. பழம் உதிரும் அந்த ஒன்றிரண்டு மாதங்களில் மனிதரும் கரடியும் ஒரே மரத்தடியைத் தேடிப் போகின்றனர்; ஆபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. நம் நாட்டுக் கரடி மனிதனைத் தின்பதற்காகத் தாக்குவதில்லை. அதற்குக் கண் பார்வை குறைவு. கறையான் புற்றைக் கிளறி உறிஞ்சும்போது தான் எழுப்பும் சத்தத்தில் அதற்கு வேறொன்றும் கேட்பதுமில்லை. நீங்கள் பத்தடி தூரத்தில் வந்து நின்ற பிறகுதான் அது திடுக்கிட்டு எழும். எழுந்தவுடன் முகத்தையும் தலையையும் நோக்கி நகத்தை வீசும். முதுகில் குட்டியைச் சுமந்த தாய்க்கரடியாயின் சொல்லவே வேண்டாம்.

இப்படிப் பற்றைக்குள்ளிருந்து நடக்கும் தாக்குதலில், உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, பூட்டைத் திறந்து, குறிபார்ப்பதற்கு வேண்டிய நேரம் கிடைப்பதேயில்லை. அதைவிட நான் அஞ்சுவது வேறொன்று. கூட வந்த மூன்று நான்கு பேரும் அதே பற்றைக்குள்தான் நிற்பார்கள்; பதற்றத்தில் சுடப்படும் ரவை அவர்களுள் ஒருவரில் பட்டுவிடும்.

தனியே போகாதீர்கள், நடக்கும்போது உரத்துப் பேசிக்கொண்டே போங்கள். பழைய தேன் எடுப்பவர்கள் இடைக்கிடை கூவிக்கொண்டும் கைக்கோடாலியால் மரத்தில் தட்டிக்கொண்டும் போவதை நான் பார்த்திருக்கிறேன். கரடிக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்து விலகிப்போக இடங்கொடுக்கும் முறை அது. பாலை மரத்தில் புதிய நகக் கீறலோ, அடியில் பழவிதை கலந்த ஈர விட்டையோ கண்டால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். மரத்தின் மேலே கரடி இருந்தால் அடியில் நிற்க வேண்டாம், அது நினைப்பதை விட விரைவாக இறங்கும். தாக்குதல் நேர்ந்தேவிட்டால் குப்புற விழுந்து, முகத்தை நிலத்தோடு சேர்த்து, இரு கைகளையும் பிடரியில் கோத்துக்கொள்ளுங்கள். முகத்தையும் கழுத்தையும் காத்துக்கொண்டால் மற்றக் காயங்களை வைத்தியசாலையில் பார்த்துக்கொள்ளலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

தோட்டத்துக்கு இரவில் தண்ணீர் இறைக்கப் போகும்போது பாம்பைச் சுட்டுவிட ஏதாவது சிறு துப்பாக்கி உண்டா? (புத்தூர் வாசகர்)

வேண்டாம். சிறு பாம்பின் தலையை இருட்டில் பிஸ்டலால் சுடுவது பயிற்சி பெற்றவருக்கே அரிது. ரவை கல்லில் பட்டுத் திரும்பினால் உங்கள் காலே போகும். முழங்கால் அளவு உயர்ந்த சப்பாத்தும் நல்ல வெளிச்சமுள்ள ரோச்சும் போதும். கடித்தது புடையனாக இருந்தாலும் சுருட்டையாக இருந்தாலும், கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல், நேரே விஷமுறிவு மருந்துள்ள அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். பாம்பைப் பிடித்துக் கொண்டுபோகும் முயற்சியில் இரண்டாம் கடி வாங்கியவர்களும் உண்டு.

மகன் அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் மாணவர் வீசாவில் படிக்கிறான். மலையேறப் போகும்போது கரடிக்காக நண்பர்கள் எல்லோரும் பிஸ்டல் வைத்திருக்கிறார்களாம், தானும் வாங்கப் போவதாகச் சொல்கிறான். எனக்கு நித்திரை இல்லை. (நல்லூரிலிருந்து ஒரு தாய்)

அம்மா, முதலில் சட்டத்தை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். மாணவர் வீசா போன்ற தற்காலிக வீசாவில் இருப்பவர் துப்பாக்கியோ ரவையோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. செல்லுபடியான வேட்டை அனுமதிப்பத்திரம் உடையவர் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. நண்பர்கள் அந்நாட்டுக் குடிமக்களாக இருப்பார்கள்; அவர்களுக்குப் பொருந்துவது உங்கள் மகனுக்குப் பொருந்தாது. நண்பர் ஒருவர் ‘கொஞ்சம் பிடி’ என்று கொடுப்பதைக்கூட அவர் வாங்கக்கூடாது. படிப்பும் வீசாவும் ஒருசேரப் போய்விடக்கூடிய விடயம் இது.

2010 பெப்ரவரி முதல் அந்நாட்டின் தேசியப் பூங்காக்களில் மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது உண்மையே. ஆனால் வைத்திருக்க விடுவது வேறு, சுட விடுவது வேறு. பூங்காவுக்குள் சுடுவது இன்றும் பொதுவாகத் தடைசெய்யப்பட்டதுதான்.

இனி, எது உண்மையில் காப்பாற்றும் என்பது. கரடியை விரட்டுவதற்கென்றே மிளகாயின் காரச்சத்து அடைத்த தெளிப்பான் ஒன்று அங்கே கடைகளில் விற்கப்படுகிறது. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை இத்தெளிப்பான் பயன்படுத்தப்பட்ட 83 சம்பவங்களை ரொம் ஸ்மித்தும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2008 இல் வெளியிட்டனர். பழுப்புக் கரடிகளின் ஆபத்தான நடத்தையை அது நூற்றுக்கு 92 தடவை நிறுத்தியது; அதை வைத்திருந்தவர்களுள் 98 வீதமானோர் காயமின்றித் தப்பினர். துப்பாக்கி தொடர்பான 269 சம்பவங்களை அதே குழு 2012 இல் ஆராய்ந்தபோது, கைத்துப்பாக்கி 84 வீதம் வெற்றியளித்ததாகக் கண்டது. அந்த எண்ணை மட்டும் எடுத்துக்காட்டிப் பிஸ்டலைப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். அதே ஆய்வு, துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயமடைந்த அளவில் கருதத்தக்க வேறுபாடு இல்லை என்றும் சொல்லியிருப்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. பாய்ந்து வரும் கரடி முப்பது மீற்றரை ஏறத்தாழ இரண்டு விநாடியில் கடந்துவிடும். அந்த இரண்டு விநாடியில் ஒரு சிறு ரவையைச் சரியான இடத்தில் செலுத்துவதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். முகில்போல் விரியும் காரப்புகையை முன்னால் பரப்புவதற்கு ஒரு பிற்பகல் பயிற்சி போதும். தெளிப்பானைப் பையின் அடியில் வைக்காமல் இடுப்பில் அல்லது மார்பில் கொளுவச் சொல்லுங்கள். காற்று எதிரே வீசும்போது அது தன் கண்ணிலும் படும் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். விமானத்தில் அதைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் போட முடியாது. போன இடத்தில் வாங்க வேண்டும். கலிபோர்னியாவின் யொசெமிட்டி போன்ற சில பூங்காக்களில் அதற்கே தடை உண்டு, ஆகவே ஒவ்வொரு பூங்காவின் விதியையும் முன்கூட்டியே பார்க்கட்டும். சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காமலும், நண்பர்களோடு கதைத்துக்கொண்டும் நடந்தாரானால், தெளிப்பானுக்கே பெரும்பாலும் வேலை இராது. நீங்கள் நித்திரை கொள்ளுங்கள் அம்மா.

ஒஸ்லோவில் வாழ்கிறோம். வடதுருவத்தை அண்டிய நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போக எண்ணியுள்ளோம். அங்கே துப்பாக்கி கட்டாயம் என்கிறார்களே? (கோண்டாவிலைச் சேர்ந்த வாசகி)

குடியிருப்புகளுக்கு வெளியே போகின்றவர் பனிக்கரடியை அச்சுறுத்தி விரட்டத் தகுந்த சாதனம் வைத்திருக்க வேண்டும் என்பதே அங்குள்ள சட்டம். ஒளிவெடி எறியும் சமிக்ஞைத் துப்பாக்கி அத்தகையது. அதற்கு மேலாகத் துப்பாக்கியும் இருக்க வேண்டும் என ஆளுநர் அலுவலகம் ஆலோசனை கூறுகிறது. அது கருதுவது பெரிய ரக ரைபிளை. அதற்கும் தகுந்த அனுமதி வேண்டும். 2025 ஜனவரி முதல் பனிக்கரடியிலிருந்து 300 மீற்றரும், மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீற்றரும் விலகியிருக்க வேண்டும் என்ற விதியும் நடைமுறையில் உள்ளது. உல்லாசப் பயணிகளாகிய நீங்கள் ஆயுதந்தாங்கிய வழிகாட்டியோடு போவதே முறை.

எங்கள் பகுதிக்குச் சிறுத்தை வந்ததாகக் கேள்வி. வீட்டில் ஆயுதம் ஏதும் இல்லாமல் இருப்பது சரியா? (கிளிநொச்சி வாசகர்)

2018 ஜூனில் உங்கள் அம்பாள்குளத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஊருக்குள் வந்த ஒரு சிறுத்தையைச் சனம் சூழ்ந்துகொண்டது. பத்துப் பேரளவில் காயப்பட்டனர். கடைசியில் சிறுத்தை அடித்துக் கொல்லப்பட்டது. வழிவிட்டிருந்தால் அந்தக் காயங்களுள் பல ஏற்பட்டிரா என்பது என் உறுதியான எண்ணம். கூட்டத்துக்கு நடுவே துப்பாக்கி ஒன்றும் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. பிள்ளைகளையும் ஆடுகளையும் நாய்களையும் உள்ளே எடுத்துக் கதவை மூடிவிட்டு, வனசீவராசிகள் அலுவலகத்துக்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். படம் எடுக்க வெளியே வராதீர்கள்.

காணி துப்புரவு செய்தபோது பொலித்தீனில் சுற்றிய பழைய பிஸ்டல் ஒன்று கிடைத்தது. துடைத்து எண்ணெய் போட்டுத் தோட்டக் காவலுக்கு, பன்றிக்கும் குரங்குக்குமாக வைத்துக்கொள்ளலாமா? (பளைப் பகுதி வாசகர்)

இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு இதற்குத்தான் முதலில் பதில் எழுதத் தொடங்கினேன். அதை எக்காரணங் கொண்டும் துடைக்கவோ பிரிக்கவோ வேண்டாம். ஆண்டுக்கணக்காக மண்ணுக்குள் கிடந்த ரவை எந்த நேரத்தில் எப்படி வெடிக்கும் என்று சொல்ல முடியாது. குழல் துருவேறி அடைபட்டிருந்தால் முதல் வெடியில் உங்கள் கை சிதறும். அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கான தண்டனைகள் 1996 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் மிகக் கடுமையாக்கப்பட்டுள்ளன. ‘காணியில் கிடந்தது’ என்ற விளக்கம், அன்றே அறிவித்தவருக்கு மட்டுமே உதவும்.

முகமாலையை அண்டிய உங்கள் பகுதி கண்ணிவெடிகள் நெருக்கமாகப் புதைக்கப்பட்டிருந்த பகுதி. ஒரு பிஸ்டலைச் சுற்றிப் புதைத்தவர் அதனருகே கைக்குண்டு ஒன்றையும் புதைத்திருக்கக்கூடும். ஆகவே அந்த இடத்தில் மண்வெட்டி போடுவதை உடனே நிறுத்துங்கள். புல்டோசர் வேலையையும் நிறுத்துங்கள். குப்பைக்கு நெருப்பு வைக்க வேண்டாம். நீங்கள் நடந்து போன அதே தடத்தில் திரும்பி வாருங்கள். சற்றுத் தள்ளி ஒரு தடியில் சிவப்புத் துணி கட்டி, பிள்ளைகளையும் மாடுகளையும் அப்பக்கம் போகவிடாமல், 119 க்கோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ இன்றே அறிவியுங்கள். பிஸ்டலை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தால் திரும்பக் கொண்டுபோய் அதே இடத்தில் வைக்க முயல வேண்டாம். ஆட்கள் இல்லாத அறையில் தொடாமல் வைத்துவிட்டு, அதையும் அவர்களிடம் சொல்லுங்கள். பன்றிக்கு வேலியைப் பற்றி அடுத்த முறை விரிவாக எழுதுகிறேன்.