உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள்

ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டக் குடியிருப்பிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த பூச்சிமருந்தை அவருடைய நான்கு வயது மகன் ஒரு வாய் குடித்துவிட்டான். அக்கம்பக்கத்தார் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைத்தார்கள், பையன் பிழைத்துக்கொண்டான். தாங்கள் செய்தது சரிதானா என்று கேட்கிறார்.

சரியில்லை அம்மா. பூச்சிமருந்துகள் பலவும் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் கலந்தவை என்பதால், வாந்தியோடு அவை நுரையீரலுக்குள் இறங்கினால் மூச்சே நின்றுபோகலாம். உப்பு மிகுந்தால் சிறு குழந்தைக்கு வலிப்பும் வரும். எச்சில் வழிந்து, உடல் வியர்த்து, கண்மணி கடுகளவாகச் சுருங்கி, தசைகள் துடித்தால், பெரும்பாலும் ஆர்கனோபாஸ்பேட் என்ற, நரம்புகளைத் தாக்கும் வகைப் பூச்சிமருந்து உள்ளே போயிருக்கிறது. வாயில் எதையும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, மருந்து பட்ட துணியைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதல் சிகிச்சை பெற்ற பிறகே மலை இறங்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் குழந்தை மல்லாந்து படுக்கக் கூடாது. இடப்பக்கமாகச் சாய்த்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும்.

அடிவாரத்தை எட்டியதும் தரகர்கள் வந்துவிடுகிறார்கள். "பெரியாஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸாகிவிடும்" என்று பயமுறுத்தி, கமிஷன் தரும் இடத்துக்கு வண்டியைத் திருப்புகிறவர்களை நான் ஆண்டுக்கணக்காகப் பார்த்து வருகிறேன். பதிவு செய்வது மருத்துவமனையின் வேலை; அதற்காகச் சிகிச்சை ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. இத்தனை ஆண்டுகளாகியும் அதைத் தோட்டத் தொழிலாளியின் காதில் போட ஒருவருமில்லை. சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்கே போங்கள்.

அறிகுறியைப் பார்த்து முடிவு செய்ய முடியாத நஞ்சு ஒன்று உண்டு. அது மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட். பல் தேய்க்கும் பேஸ்ட் என்று குழந்தைகள் இதை வாயில் வைத்துவிடுகிறார்கள். முதல் நாள் வாந்தி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அடுத்த ஓரிரு நாள் குழந்தை சிரித்து விளையாடும். "சரியாகிவிட்டது, எதற்கு வீண் செலவு" என்று வீட்டார் அழைத்துப் போய்விடுகிறார்கள். மூன்றாம் நாள் வாக்கில் கண் மஞ்சளாகி, கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். இதற்கு மாற்று மருந்தே கிடையாது. பாலும் நெய்யும் நஞ்சை முறிக்கும் என்பது தவறு. கொழுப்பு பாஸ்பரஸை உடலில் இன்னும் எளிதாக ஏற்றிவிடும். பேஸ்ட் வாயில் பட்டது உறுதியென்றால், குழந்தை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், மருத்துவர் விடும்வரை வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள்.

கேனிலிருந்து பூச்சிமருந்தைச் சில்லறையாக ஊற்றிக் கொடுக்கும் கடைக்காரரிடம் வாங்கவே வாங்காதீர்கள். லேபிள் இல்லாத பாட்டிலைப் பார்த்து, எந்த ஊசி போடுவது என்று எங்களால் சொல்ல முடியாது. முத்திரை பிரிக்காத பாட்டிலாகக் கேளுங்கள். அசம்பாவிதம் நேர்ந்தால் அதையும் குழந்தையோடு கொண்டுவாருங்கள்.