"எல்லாம் நடிப்புதான் டீச்சர்" என்று சொன்ன மாணவனுக்கு

கேள்வி: நான் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ்மொழி ஆசிரியை. தமிழ்மொழிக் கழக நேரத்தில் படிவம் 4 மாணவர்களுக்கு, அதிபர் தேர்தலில் நிற்பவர்கள் வாக்காளர்கள் முன் தங்களை எப்படிக் காட்டிக்கொள்கிறார்கள் என்று பழைய விளம்பரங்களை வைத்துச் சொல்லித்தரத் தொடங்கினேன். முதல் வகுப்பிலேயே ஒரு மாணவன், "எல்லாம் நடிப்புதான் டீச்சர், இதுல படிக்க என்ன இருக்கு?" என்றான். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். மறுநாள் ஒரு தந்தை, "பள்ளியில் அரசியல் எதற்கு?" என்று பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எழுதிவிட்டார். நம் நாட்டில் அதிபரே கிடையாதே என்று சக ஆசிரியர்களும் கேட்கிறார்கள். தொடரலாமா, விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

தொடருங்கள். நம் நாட்டில் அதிபர் இல்லாதது உங்களுக்கு வசதிதான். இங்கே மாமன்னரை ஆட்சியாளர் மன்றம் தேர்ந்தெடுக்கிறது. மக்களவையில் பெரும்பான்மை உள்ளவர் பிரதமராகிறார். அதனால் வெளிநாட்டு அதிபர் வேட்பாளரைப் பார்க்கும்போது, வீட்டில் அப்பா எந்தக் கட்சி என்ற கவலை பிள்ளைகளுக்கு இருக்காது. பதற்றமில்லாமல் பார்க்கலாம், பேசலாம். அப்படிப் பார்த்துப் பழகட்டும். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானாலே வாக்காளர் பட்டியலில் பெயர் தானாகச் சேர்ந்துவிடுகிறது. உங்கள் படிவம் 4 பிள்ளைகளுக்கு அதற்கு இன்னும் ஏறத்தாழ இரண்டு வருடம்தான்.

எனக்குப் பெரிய கவலை அந்தத் தந்தை எழுதியது இல்லை, அந்த மாணவன் சொன்னதுதான். 'எல்லாம் நடிப்பு' என்று முடிவு கட்டிவிட்ட பிள்ளை எதையும் சரிபார்க்க மாட்டான். பொய் சொல்பவரும் உண்மை சொல்பவரும் அவனுக்கு ஒன்றுதான். வேலை நேர்காணலுக்கு நாமும் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் போகிறோம், அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. காட்டிக்கொள்வது தப்பில்லை. காட்டியது உண்மையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைத்தான் தேட வேண்டும். உங்கள் பாடம் முழுக்க இந்த ஒன்றைச் சுற்றியே போகட்டும்.

இதைப் புரியவைக்க அமெரிக்காவின் இரண்டு மரக்குடிசைகள் போதும். 1840 தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசன் நின்றார். அவருக்கு ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவும் ஓய்வூதியமும் கொடுத்தால் மரக்குடிசையில் உட்கார்ந்துகொள்வார் என்று எதிரணிப் பத்திரிகை ஒன்று இளக்காரமாக எழுதியது. ஹாரிசன் ஆட்கள் கோபப்படவில்லை, அந்தக் குடிசையையே சின்னமாக்கிக்கொண்டார்கள். ஊர்வலங்களில் சக்கரம் வைத்த மரக்குடிசைகளை இழுத்துப் போனார்கள். எளிய மனிதர், நம்மில் ஒருவர் என்று பேச்சானது. உண்மையில் அவர் பிறந்தது வர்ஜீனியாவில் ஒரு பெரிய தோட்ட மாளிகையில். அவருடைய தந்தை சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். ஹாரிசனை எதிர்த்து நின்ற வான் பியூரனைச் சொகுசுக்காரர் என்று கேலி செய்தார்கள். அவரோ ஒரு சாராயக்கடைக்காரரின் மகன்! அந்தத் தேர்தலில் ஹாரிசன்தான் ஜெயித்தார்.

இருபது ஆண்டு கழித்து, 1860-இல், ஆபிரகாம் லிங்கன். இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டரில் நடந்த கட்சி மாநாட்டுக்கு அவருடைய உறவினர் ஒருவர் இரண்டு வேலிக்கட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். லிங்கன் இளவயதில் பிளந்த கட்டைகள் என்று அறிவிப்பு. கூட்டம் ஆர்ப்பரித்தது. அன்றிலிருந்து அவர் 'வேலிக்கட்டை பிளந்தவர்'. இது பொய்யா? லிங்கன் பிறந்தது கென்டக்கியில் மரக்குடிசையில்தான், கட்டை பிளந்ததும் நிஜம்தான். ஆனால் 1860-இல் அவர் ஸ்பிரிங்ஃபீல்டில் வசதியான வழக்கறிஞர், ரயில்வே நிறுவனத்துக்கே வாதாடியவர். அந்தப் பகுதியை யாரும் மேடைக்குத் தூக்கி வரவில்லை.

இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் மாணவனிடமே கேளுங்கள்: இரண்டும் ஒரே மாதிரி நடிப்பா? ஒன்று இல்லாததைக் காட்டியது, இன்னொன்று இருந்ததில் பாதியைக் காட்டியது. இதில் எது அதிகம் ஏமாற்றுகிறது என்று பிள்ளைகள் சண்டை போடட்டும். நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

லிங்கனைப் பற்றி இன்னொன்றும் சொல்லுங்கள், மாணவிகளுக்குப் பிடிக்கும். 1860 அக்டோபரில் கிரேஸ் பெடல் என்ற 11 வயதுச் சிறுமி, முகம் ஒட்டிப்போய் இருக்கிறது, தாடி வளர்த்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்குக் கடிதம் எழுதினாள். பெண்களுக்குத் தாடி பிடிக்கும், கணவர்களை நச்சரித்து ஓட்டுப் போட வைப்பார்கள் என்றும் காரணம் சொன்னாள். அந்தக் காலத்தில் பெண்களுக்கே ஓட்டு கிடையாது. லிங்கன் அவளுக்குப் பதில் எழுதினார், பதவியேற்கும்போது தாடியோடு வந்தார்.

விளம்பரத்துக்கு வரும்போது 1952-இல் இருந்து தொடங்குங்கள். அந்தத் தேர்தலில் நின்ற ஜெனரல் ஐசனோவர் தொலைக்காட்சிக்காகச் சின்னச் சின்ன விளம்பரங்கள் எடுத்தார். ஒரு சாதாரணக் குடிமகன் விலைவாசி பற்றிக் கேட்பார், ஜெனரல் இரண்டே வரியில் பதில் சொல்வார். எடுத்த விதம்தான் பாடம். ஐசனோவர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பதில்களை முதலில் பேசிவிட்டார். அப்புறம்தான், நியூயார்க் ரேடியோ சிட்டி மண்டபத்தைப் பார்க்க வந்தவர்களில் ஆள் தேர்ந்தெடுத்து, கேள்விகளை வாசிக்க வைத்துப் படம் பிடித்து ஒட்டினார்கள். கேட்டவரும் பதில் சொன்னவரும் சந்திக்கவே இல்லை. முதலில் இதைச் சொல்லாமல் விளம்பரத்தைப் போட்டுக் காட்டுங்கள். பிறகு சொல்லிவிட்டு மறுபடி போடுங்கள். இரண்டாம் முறை பிள்ளைகளின் கண்கள் எங்கே போகின்றன என்று கவனியுங்கள்.

1952 தொடங்கி வந்த அமெரிக்க அதிபர் தேர்தல் விளம்பரங்களை நியூயார்க்கின் மியூசியம் ஆஃப் த மூவிங் இமேஜ் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வகுப்புக்கு அது தாராளம். 1960-இல் நடந்த கென்னடி–நிக்சன் விவாதத்தைக் காட்டும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி ஜெயித்தார் என்றார்கள், வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் என்றார்கள் என்ற கதையை எல்லாரும் சொல்வார்கள். அதற்கு ஆதாரம், வானொலி கேட்டவர்கள் மிகக் குறைவாக இருந்த ஒரு கருத்துக்கணிப்புதான். நிக்சன் அப்போதுதான் மருத்துவமனையில் இருந்து வந்து மெலிந்திருந்தார், வெளிர் நிறக் கோட்டு பின்னணியோடு கலந்துவிட்டது. இவ்வளவு போதும். சரிபார்க்கச் சொல்லித்தரும் வகுப்பில் நாமே சரிபார்க்காத கதையைச் சொல்லக் கூடாது.

பிள்ளைகள் கைப்பேசியோடு ஒட்டிப் புரிந்துகொள்ள இந்தோனேசியாதான் சரி. மலாய் படிக்கிற பிள்ளைகளுக்கு மொழி ஒரு தடையே இல்லை. 2014-இல் பிரபோவோ ஜகார்த்தா மைதானத்தில் குதிரையில் வந்தார், கம்பீரமான தளபதி. அந்தத் தேர்தலிலும் 2019-லும் தோற்றார். 2024-இல் அதே மனிதர் கொழுகொழு கார்ட்டூன் தாத்தாவாக வந்தார், செயற்கை நுண்ணறிவு வரைந்த படம். டிக்டாக்கில் அவர் நடனம் பரவியது. வாக்காளர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் 40 வயதுக்கு உட்பட்டவர்கள். இந்த முறை அதிபரானார். மாணவர்களிடம் இரண்டு படத்தையும் கொடுத்து, இந்தக் குதிரை யாருக்காக, இந்தக் கார்ட்டூன் யாருக்காக என்று கேளுங்கள். அப்புறம் அவர் 1998 வரை ராணுவத்தில் என்னவாக இருந்தார், ஏன் வெளியே வந்தார் என்று அவர்களே தேடிவரட்டும். நல்லவர் கெட்டவர் பட்டியல் வேண்டாம்.

சின்னங்களுக்கு ஒரு வகுப்பு ஒதுக்கலாம். 2023 சிங்கப்பூர் அதிபர் தேர்தலில் தர்மன் சண்முகரத்தினம் அன்னாசிப்பழத்தை எடுத்தார். பினாங்குப் பிள்ளைகள் சீனப் புத்தாண்டில் கடைவாசலில் அதிர்ஷ்டத்துக்காக அன்னாசி தொங்குவதைப் பார்த்தவர்கள், ஒன்றும் விளக்க வேண்டியிருக்காது. 2024-இல் இலங்கையில் ரணில் விக்கிரமசிங்க எடுத்தது எரிவாயு சிலிண்டர். 2022-இல் மக்கள் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்டில் அந்தப் படம் என்ன சொல்ல வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ரணில் தோற்றுப்போனார், அதையும் சொல்லுங்கள். காட்டுவதெல்லாம் பலிப்பதில்லை என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பார்த்தது போதும், செய்ய வையுங்கள். இல்லாத ஒரு நாட்டின் இல்லாத ஒரு வேட்பாளருக்கு வாழ்க்கைக் குறிப்பு ஒன்று எழுதுங்கள். கொஞ்சம் பெருமைப்படத்தக்கது, கொஞ்சம் சங்கடமானது, கொஞ்சம் சாதாரணமானது எல்லாம் இருக்கட்டும். எல்லாக் குழுவுக்கும் அதே குறிப்பு. ஒரு குழு அவரை மீனவர்களுக்கு அறிமுகம் செய்யட்டும், இன்னொன்று தொழிற்சாலை இரவு ஷிப்ட்காரர்களுக்கு, இன்னொன்று முதல்முறை ஓட்டுப் போடும் மாணவர்களுக்கு. பொய் சேர்க்கக் கூடாது என்பது மட்டும் விதி. முடிந்ததும் ஒவ்வொரு குழுவும் எதை விட்டுவிட்டது என்று கரும்பலகையில் எழுதுங்கள். உங்கள் அந்த மாணவனை எழுதுகிற வேலைக்குப் போடுங்கள். சங்கடமான விஷயத்தை எல்லாக் குழுவும் விட்டிருக்கும், அதை அவன் கையாலேயே எழுதுவான்.

சரி, அந்தத் தந்தை. அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பள்ளியில் கட்சி அரசியலுக்கு இடமில்லை, நீங்களும் அரசாங்க ஊழியர். அதனால் உள்நாட்டுக் கட்சி, தலைவர், கொடி எதுவும் வகுப்பில் வரக் கூடாது. மாணவர்களே இழுத்தாலும், "அதை வீட்டில் பேசுங்கள்" என்று நிறுத்திவிடுங்கள். பாடத்திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதிப் பள்ளி முதல்வரிடம் முதலில் கொடுங்கள், அவர் சம்மதம் வந்தபின் புலனக் குழுவில் போடுங்கள். குழுவில் அந்தத் தந்தையோடு வாதம் செய்ய வேண்டாம். தனியாக அழைத்துப் பேசுங்கள், விளம்பரம் காட்டுகிற வகுப்புக்கு வந்து பின்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். முதல்வர் இந்தத் தவணையில் ஒரே ஒரு வகுப்புக்குத்தான் அனுமதி தந்தாலும் வருத்தப்படாதீர்கள். அந்த ஒரு வகுப்பில் ஹாரிசனையும் லிங்கனையும் எடுங்கள்.