54 பேரும் ஒரு கரும்பலகையும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகள் திருமங்கலத்தை அடுத்த ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே ஆறு முதல் எட்டு வரை 98 பிள்ளைகள். பட்டதாரி ஆசிரியர்கள் நால்வர். உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு அனுப்பும் பணி நிரவலில் ஒருவரை மாற்றியதும், ஏழாம் வகுப்பின் இரு பிரிவுகளையும் இணைத்து 54 பேரை ஒரே அறையில் அமர்த்திவிட்டார்கள். இதை எதிர்த்து ஆசிரியர்கள் ஆர்ப்பாட்டம் செய்கிறார்கள். நம் காலத்தில் அறுபது பேர் படித்தோமே, உருப்படாமலா போனோம்? கைநிறையச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இது நியாயமா? மகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா என்றும் யோசிக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

சம்பளத்தைப் பற்றிய வரியை விட்டுவிடுகிறேன். அது டீக்கடையிலும் பேசித் தீராத பேச்சு. ‘உருப்படாமலா போனோம்’ என்பதை மட்டும் என்னால் விட முடியவில்லை. உருப்பட்டவர்தானே அப்படிக் கேட்க முடியும்? உசிலம்பட்டிப் பக்கத்தில் நான் படித்த ஆறாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டில் 61 பெயர்கள் இருந்தன. அவர்களில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்களை மூன்று பெஞ்சுகளில் அடக்கிவிடலாம். மற்றவர்கள் எனக்கோ உங்களுக்கோ கடிதம் எழுதப்போவதில்லை.

உயரமாக இருந்ததால் நான் கடைசி பெஞ்சு. கரும்பலகை எனக்கு வெறும் மூட்டமாகத்தான் தெரிந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்து, பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். கணக்கு வாத்தியார் என்னை ‘மரமண்டை’ என்பார். மகா சிவராத்திரியை ஒட்டிப் பாப்பாபட்டி ஒச்சாண்டம்மனுக்கு, பூசைப் பொருள்கள் அடங்கிய மாசிப் பெட்டி புறப்படும் நாளில் ஊரே கோயிலுக்குப் போய்விட, பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகள் ஒன்பது பேர் மட்டும் வகுப்புக்கு வந்திருந்தோம். வாத்தியார் எங்களை முன்னால் அழைத்து அமர்த்தினார். மூன்றடி தூரத்தில் பலகை இருக்க, நான் அப்போதும் அடுத்தவன் நோட்டின் மேல் குனிவதைப் பார்த்து, எழுதுவதை நிறுத்திவிட்டார். அன்று மாலை அவரே சைக்கிளில் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டு, அப்பாவிடம் பேசினார். அடுத்த வாரம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் எனக்குக் கண்ணாடி போட்டார்கள். திருவிழா முடிந்து வகுப்பு நிரம்பியதும் அதே வாத்தியார் வேறொருவனை மரமண்டை என்றார். அவனுக்கு என்ன குறை என்று கண்டுகொள்ள அவருக்கு இன்னொரு மாசிப் பெட்டி வாய்க்கவில்லை.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நாற்பது நிமிடப் பாடவேளையை 54 பேருக்குப் பங்கிட்டால் ஒரு பிள்ளைக்கு 44 வினாடி வரும், அதுவும் பாடமே நடத்தாமல் இருந்தால்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும், 35 பிள்ளைகளுக்கு ஒருவர் வேண்டும் என்கிறது. உங்கள் பள்ளியின் 98ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள்: 33கூட வரவில்லை. ஆகவே சட்டப்படி மூவர் போதும், நான்காமவர் ‘உபரி’. காகிதத்தில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் ஆறிலும் எட்டிலும் 22 பேர் வீதம் இருப்பதால் கிடைத்த அந்தச் சராசரியில், உங்கள் மகளின் அறையில் இருக்கும் 54 பேர் காணாமல் போய்விட்டார்கள். விகிதம் என்பது பள்ளிக்கான கணக்கு, பிள்ளை உட்காருவதோ வகுப்பில். இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள் என்றுதான் அந்த ஆசிரியர்கள் வெயிலில் நின்று கத்துகிறார்கள். நீங்களோ ‘இது நியாயமா?’ என்கிறீர்கள். சாயங்காலம் ஒருநாள் 54 கட்டுரை நோட்டுகளைத் திருத்திப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேளுங்கள், ஐயா.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கி நான்கு ஆண்டுகள் வகுப்பின் அளவைச் சோதித்தார்கள். 13 முதல் 17 பிள்ளைகள் கொண்ட சிறு வகுப்புகள் முன்னே நின்றன. ஏழைப் பிள்ளைகள் கூடுதலாகப் பயன்பெற்றனர். அங்கே பெரிய வகுப்பு என்று அவர்கள் கொண்டதே 22 முதல் 25 பேர்தான். நம்மிடமும் பெரிய வகுப்பைச் சமாளிக்க ஒரு வழி இருந்தது: திண்ணைப் பள்ளியில் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மூத்த மாணவன், சட்டாம்பிள்ளை. 1789இல் எழும்பூர் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்து, அதை ‘மதராஸ் முறை’ என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அது ஆளும் பணமும் இல்லாத இடத்துக்கான ஏற்பாடு. நீங்கள் பெருமையோடு சொல்லும் அறுபது பேர் வகுப்பிலும் பாதிப் பாடத்தை நடத்தியது பிரம்பு வைத்திருந்த லீடர் பையன்தான் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

தனியார் பள்ளியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கேயும் கட்டணத்தைக் கேட்பதற்கு முன் ஒரு பிரிவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். அதைவிட முதலில், இன்று உங்கள் மகள் எந்த வரிசையில் உட்கார்ந்தாள், பலகை அவளுக்குத் தெரிகிறதா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.