ஆல்ப்ஸ் கிராமத்தில் ஒரு வாரம்: ஊரைத் தேடும் முன் மாதத்தை மாற்றுங்கள்

கேள்வி: மே மாத லீவில் ஒரு வாரம் சுவிட்சர்லாந்தில் ஒரு மலைக் கிராமத்தில் தங்க ஆசை. நான், மனைவி, பத்து வயது மகன், முழங்கால் வலி உள்ள அம்மா. எல்லோரும் சைவம். டூர்காரர் இன்டர்லாக்கனில் ஓட்டல் போடுகிறேன் என்கிறார். கிராமம் சரிப்படுமா, எந்த ஊர்? யுங்ஃப்ராவ் சிகரத்துக்கு டிக்கெட் இப்போதே எடுத்துவிடலாமா? (கோவை வாசகர்)

பதில்: டிக்கெட் எதையும் இப்போது எடுக்காதீர்கள். முதலில் மே மாதத்தை விட்டு வெளியே வரப் பாருங்கள். நமக்குக் கோடை என்றால் ஏப்ரல், மே; ஆல்ப்ஸில் அது பனிச்சறுக்கு சீசன் முடிந்து நடை சீசன் இன்னும் தொடங்காத இடைக்காலம். பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்தி வைத்திருப்பார்கள், ஓட்டல்கள் நிறைய பூட்டியிருக்கும், 2,000 மீட்டரை ஒட்டிய பாதைகளில் பனி அப்படியே கிடக்கும். இவ்வளவு செலவு செய்து போய் மூடிய கேட்டைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஜூன் கடைசி வாரம் போங்கள். பையனுக்குப் பள்ளியில் ஒரு வாரம் லீவு கேட்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை, கேளுங்கள். புல்வெளியில் பூக்கள் இருக்கும், மாடுகள் மேலே மேய்ச்சலுக்கு வந்திருக்கும், இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மே தவிர வழியே இல்லை என்றால் கடைசி வாரத்தை எடுத்துக்கொண்டு, உயரத்துக்கு ஆசைப்படாமல் இன்டர்லாக்கனுக்குப் பக்கத்து லாட்டர்புருனென் பள்ளத்தாக்கோடு திருப்தி அடையுங்கள்; பனி உருகும் நேரம் என்பதால் அங்கே அருவிகள் பிய்த்துக்கொண்டு கொட்டும், அதில் ஸ்டாப்பாக் அருவி மட்டுமே 297 மீட்டர் உயரம்.

கிராமம் தாராளமாகச் சரிப்படும். இன்டர்லாக்கன் நல்ல ஊர்தான், ஆனால் அது கீழே, 568 மீட்டரில் இருக்கிறது. அங்கே தங்கினால் தினமும் மலையேறி இறங்குவதே வேலையாகிவிடும், அதிகாலையையும் அந்தியையும் மலையில் பார்க்கக் கிடைக்காது. உங்களுக்கு நான் சொல்வது லாட்டர்புருனெனுக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் வெங்கென். 1,274 மீட்டர், ஊட்டியைவிட ரொம்பவே தாழ்வு, அதனால் அம்மாவுக்கு மூச்சு பற்றிய பயம் வேண்டாம். சாலை வழியாக ஊருக்குள் கார் வர முடியாது, லாட்டர்புருனெனிலிருந்து பல்சக்கர ரயிலில் கால் மணி நேரம், அவ்வளவுதான். காட்சிக்குப் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்து முர்ரென் கிராமம் இன்னும் ஒரு படி மேல் என்பேன், ஆனால் லாட்டர்புருனெனிலிருந்து அங்கே போகக் கேபிள் கார், அப்புறம் ரயில் என்று மாற வேண்டும். பெட்டிகளோடும் வலிக்கும் காலோடும் அது வேண்டாம்.

வீடு எடுக்கும்போது ஸ்டேஷனிலிருந்து எத்தனை மீட்டர் என்று கேட்காதீர்கள், வழி ஏற்றமா, வீட்டுக்குள் எத்தனை படி என்று கேளுங்கள். ஊரே சரிவில் இருப்பதால் முந்நூறு மீட்டர் ஏற்றம்கூட அம்மாவைப் படுத்திவிடும். சமையலறை உள்ள வாடகை வீடுகளைச் சீசனில் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் தருவார்கள், விமானத்தை அதற்குத் தகுந்தாற்போல் போடுங்கள். சைவம் என்பதால் எனக்கு வீடுதான் சரி என்று படுகிறது. அடுப்பு இண்டக்‌ஷனாக இருந்தால் அலுமினியக் குக்கர் வேலை செய்யாது, அடி தட்டையான ஸ்டீல் குக்கர் கொண்டுபோங்கள். பொடி வகை, பருப்பு எடுத்துப்போகலாம். நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து பால் பொருளும் சான்றிதழ் இல்லாத பச்சை இலையும் உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை. வெளியே சாப்பிட்டால் உருளைக்கிழங்கு ரோஸ்டியில் பன்றிக்கறித் துண்டுகள் கலந்திருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். க்ரூயேர் சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்துத்தான் உறைய வைக்கிறார்கள், கண்டிப்பான சைவம் என்றால் அதையும் தவிருங்கள்.

இப்போது யுங்ஃப்ராவ். ரயில் போவது சிகரத்துக்கு இல்லை, அதன் பக்கத்துக் கணவாயான யுங்ஃப்ராயோக்குக்கு, 3,454 மீட்டர். 1912-இல் திறந்த பாதை, மலையைக் குடைந்து போகிறது, போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் மேகம் மூடினால் சன்னலுக்கு வெளியே வெள்ளைச் சுவர் மட்டும்தான், விலையோ அதிகம். ஒரு வாரம் அங்கேயே தங்குவதன் பெரிய லாபமே மேலே போகும் நாளை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பது. அதற்கு முந்தைய நாள் மாலை வானிலை ஆப்பைப் பாருங்கள், காலையில் மேலே உள்ள நேரலைக் கேமராவைப் பாருங்கள், தெளிவாக இருந்தால் டிக்கெட் வாங்கிக்கொண்டு முதல் ரயில்களில் ஏறுங்கள். சீசனில் இருக்கை முன்பதிவு தேவைப்படும், அதையும் அப்போதே போட்டுவிடலாம். நாடு முழுக்க ரயில், பஸ், படகில் போக உதவும் சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தாலும் இது இலவசம் இல்லை, தள்ளுபடி மட்டும்தான். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அம்மாவுக்கு பிபியோ இதயத் தொந்தரவோ இருந்தால் கோவையிலேயே டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அம்மா அங்கே வராவிட்டாலும் ஒன்றும் குறைந்துபோகாது. வெங்கெனிலிருந்து கேபிள் காரில் நீங்களும் மகனும் மென்லிஹென் மலைமேட்டுக்கு ஏறுங்கள், அங்கிருந்து கிளைனெ ஷைடெக் என்ற கணவாய் ஸ்டேஷன் வரை சுமார் ஒன்றரை மணி நேர நடை, அகலமான பாதை, பெரும்பாலும் மெல்லிய இறக்கம், வழி முழுக்க ஐகர் சிகரத்தின் வடக்கு முகம் எதிரே நிற்கும். அம்மாவும் மனைவியும் ரயிலிலேயே நேராக ஷைடெக் வந்துவிடலாம், நால்வரும் அங்கே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். என்னைக் கேட்டால் அந்த வாரத்தின் சிறந்த நாள் இதுவாகத்தான் இருக்கும். காலையிலேயே கிளம்புங்கள், கோடையில் பிற்பகல் இடிமழை சகஜம். நடைபாதையின் மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது, குழந்தையோடு போனால் பாதி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். கன்றோடு நிற்கும் மாட்டைத் தொட மகனை விடாதீர்கள், சுற்றிப் போங்கள்.

மழை நாளுக்கு டிரும்மெல்பாக், பாறைக்குள்ளேயே கொட்டும் பனியாற்று அருவிகள். உள்ளே லிஃப்ட் உண்டு, ஆனாலும் ஈரப் படிகள் நிறைய, அம்மாவுக்கு வேண்டாம். அவருக்கு பிரியென்ஸ் ஏரியில் படகு.

டூர்காரரிடம் விமானத்தையும் விசாவையும் மட்டும் கொடுங்கள். சுவிட்சர்லாந்து உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், ஜூன் என்றால் பிப்ரவரி, மார்ச்சிலேயே நேரம் பதிவு செய்துவிடுங்கள்.