எர்த்தைக் கழற்றலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) கழக அறையில் எட்டு எஸ்எம்பிஎஸ் (ரேடியோவுக்கான பவர் சப்ளை), இரண்டு சால்டரிங் அயர்ன், ஒரு டிரில் எல்லாமே ஒரே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியில் (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) ஓடுகின்றன. மொத்தமாக சுவிட்சைப் போட்டதும் பல நாள் ட்ரிப் ஆகிறது. மழை நாளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுகிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் எர்த்தைக் கழற்றினால் சரியாகிவிடுகிறது என்கிறார் ஒருவர். 100 மில்லி ஆம்பியர் போடலாம் என்கிறார் இன்னொருவர். டீ வேளையெல்லாம் இதே பேச்சுதான். எது சரி?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் வேண்டாம். எர்த்தைக் கழற்றினால் ட்ரிப் நிற்கும் என்பது உண்மை. கசிவு போக வழி இல்லாததால்தான் நிற்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோகப் பாடிக்கு ஒவ்வொரு கெபாசிட்டர் இருக்கும். எர்த் போனால் பாடி ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்கும். உங்கள் அறையில் கோஆக்ஸ் (ஆன்டெனா) கேபிளின் உலோக வெளியுறையான ஷீல்டு எல்லாப் பெட்டிகளின் பாடியையும் இணைத்துவிடுகிறது. ஒரு பெட்டியில் பேஸ் பாடியைத் தொட்டால் எட்டுப் பெட்டியும் 230 வோல்ட். மொட்டை மாடி ஆன்டெனாவின் கனெக்டர் வரை. முதலில் தொடுகிறவரின் உடம்புதான் அங்கே எர்த். தயவுசெய்து இன்றே திரும்ப மாட்டிவிடுங்கள். 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தீ விபத்தைத் தடுக்க உதவும். ஆளைக் காப்பாற்ற 30தான்.

இனி கணக்கு. பேஸ் பக்கம் 4.7 நானோ ஃபாரட் இருந்தால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் கசிவு சுமார் 0.34 மில்லி ஆம்பியர். எட்டுக்கும் சேர்த்து மூன்றைத் தாண்டாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15 வரை விழக் கூடாது, 30க்குள் விழுந்தாக வேண்டும். ஆக, ஓடும்போது விழுவதற்கு எஸ்எம்பிஎஸ் மட்டும் காரணமாக இருக்க முடியாது. மழையில் அதிகமாகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் சால்டரிங் அயர்ன் மீதும், ஈரம் இறங்கிய சுவர் பாக்ஸ் மீதும்தான். சுவிட்ச் போட்டதும் விழுவது வேறு சங்கதி: எட்டு எஸ்எம்பிஎஸ்ஸின் கெபாசிட்டர்களும் ஒரே நொடியில் சார்ஜ் ஆகும் துடிப்பு அது. ஒவ்வொன்றாகப் போட்டால் பெரும்பாலும் தீரும்.

தேடும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். சுவிட்ச் பேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் எர்த்தைத் தொட்டிருந்தால் அந்தக் கோளாறு அப்படியே இருக்கும். எல்லாம் பிடுங்கிய பிறகும் விழுந்தால் கோளாறு வயரிங்கில். அதே ஆர்சிசிபியில் உள்ள ஃபேனைப் போட்டதும் விழுந்தால் நியூட்ரல்–எர்த் தொடர்பைத் தேடுங்கள். விழாவிட்டால் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகி, லீக்கேஜ் கிளாம்ப் மீட்டரில் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து அளவு எழுதுங்கள். சாதாரண கிளாம்ப் மீட்டர் இவ்வளவு சின்ன கசிவைக் காட்டாது. மொத்தம் 9 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நிம்மதி. அயர்னை பிளக்கிலிருந்து கழற்றி 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்), பேஸ்-நியூட்ரல் பின்களைச் சேர்த்து எர்த் பின்னுக்கு எதிராகச் சோதியுங்கள். 1 மெகா ஓம்முக்குக் கீழே என்றால் தூக்கிப் போடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் மெகர் வைக்காதீர்கள்.

கடைசியாக, ரேடியோ மேஜைக்கும் சால்டரிங் மேஜைக்கும் தனித்தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள். டிபி பாக்ஸில் (மின் விநியோகப் பெட்டி) நியூட்ரல் பட்டையும் இரண்டாக வேண்டும். இரண்டின் நியூட்ரலும் கலந்துவிட்டால் லோடு போட்டவுடனே ட்ரிப் ஆகும். எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன்பே இரண்டிலும் லோடு போட்டுப் பார்த்துவிடுங்கள்.