1,000,001 பகா எண்ணா? டியூஷன் சொல்வதை நம்பலாமா?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: மகன் படிவம் 1, இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பு. டியூஷனில் 1,000,001 பகா எண் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பள்ளி ஆசிரியர் தவறு என்கிறார். ‘பகா எண் சூத்திரம்’ என்று 150 ரிங்கிட்டுக்கு ஒரு புத்தகமும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பள்ளி ஆசிரியர் சொல்வதுதான் சரி அம்மா. பகா எண் என்றால் 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1-ஐவிடப் பெரிய எண். 1,000,001 = 101 × 9,901. பெருக்கிப் பாருங்கள்: 9,901-ஐ நூறால் பெருக்கினால் 990,100. அதோடு இன்னொரு 9,901-ஐச் சேருங்கள்.

டியூஷன்காரர் எங்கே சறுக்கினார் என்பது தெரிகிறது. கடைசி இலக்கம் 1, அதனால் 2, 5 போகாது. இலக்கங்களைக் கூட்டினால் 2, அதனால் 3 போகாது. 7, 11, 13 மூன்றிலும் மீதி நிற்கிறது. இத்தோடு முத்திரை குத்திவிட்டார். எண்ணின் வர்க்கமூலம் வரை, இங்கே 1,000 வரை, உள்ள பகா எண்கள் அத்தனையாலும் வகுத்துப் பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சு. அவை 168. இவர் ஆறோடு நிறுத்திக்கொண்டார். 26-ஆவது வரை போயிருந்தால் 101 அகப்பட்டிருக்கும்.

மகனுக்கு ஒரு குறுக்குவழி. வலப்பக்கத்திலிருந்து இரண்டிரண்டாகப் பிரிக்கட்டும்: 1, 00, 00, 01. மாறி மாறிக் கழித்துக் கூட்டினால் 01 − 00 + 00 − 1 = 0. சுழியம் வந்தால் 101-ஆல் வகுபடும்.

புத்தகத்துக்கு வருகிறேன். வாங்கவே வாங்காதீர்கள். இப்படி விற்கிறவற்றை நிறையப் பார்த்துவிட்டேன். உள்ளே இருப்பது பதினெட்டாம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர் காலத்துச் சரக்கு: ஓர் எண்ணை அதாலேயே பெருக்கு, அதே எண்ணைக் கூட்டு, பிறகு 41-ஐக் கூட்டு. 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் பகா எண்தான் வரும். பிள்ளை ஐந்தாறு முறை போட்டுப் பார்த்து மயங்கிவிடுவான், நீங்களும் பர்ஸைத் திறந்துவிடுவீர்கள். 40-ஐப் போடுங்கள்: 1,600 + 40 + 41 = 1,681. அது 41 × 41. சரி, தப்பித் தவறி வந்தது என்பார் ஏஜெண்ட். 41-ஐப் போடச் சொல்லுங்கள்: 1,763, அதாவது 41 × 43. நாற்பது முறை சரியாக வந்தது என்பதற்காக நாற்பத்தோராவதும் வரவேண்டும் என்று கட்டாயமில்லை. ஏஜெண்டுக்கு அது தெரியாது, கமிஷன் மட்டும் தெரியும்.

ஆறாம் ஆண்டுத் தேர்வான யூபிஎஸ்ஆரை 2021-இல் எடுத்தார்கள், படிவம் 3 தேர்வான பிடி3-ஐ 2022-இல் எடுத்தார்கள். பெற்றோர் வயிற்றில் எரிகிற நெருப்பை மட்டும் யாரும் எடுக்கவில்லை. இந்தக் கடைகள் குளிர்காய்வது அதில்தான். தமிழ்ப்பள்ளியில் ‘பகா எண்’ என்று படித்த பிள்ளை இடைநிலைப் பள்ளியில் அதையே மலாயில் ‘நொம்போர் பெர்டானா’ என்றதும் விழிக்கிறான். ஏதோ புதுப்பாடம் என்று நாமும் பயந்துவிடுகிறோம். அதே பாடம்தான் அம்மா.

அடுத்த வகுப்பில், ஏழு இலக்கத்தில் மிகச் சிறிய பகா எண் 1,000,003 என்று மகன் சொல்லட்டும். டியூஷன்காரர் நம்பவில்லை என்றால் 168 முறையும் அவரே வகுத்துப் பார்க்கட்டும். 150 ரிங்கிட் கேட்கிறவர்தானே.